கூடையும் வேலியும்

(தாம்பரத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூடைப்பந்தைப் பற்றியும், அந்த விளையாட்டு மனிதர்க்குள் இருக்கும் பேதங்களை எவ்வளவு தூரம் நீக்க வல்லது என்பதைப் பற்றியும் இன்று பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இந்தத் தாம்பரத்து மண்ணில் பாவாடை சட்டையோடு பந்தைத் தொட்ட நாள் முதல், ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மூட்டுவலியோடு மாலை வேளைகளில் மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரும் இந்நாள் வரையில், இவ்விளையாட்டின்மீது நான் கொண்ட பற்று ஒருநாளும் குறைந்ததில்லை. ஆனால், விளையாட்டு பேதங்களைத் தானாகவே அழித்துவிடும் என்று மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் வாக்கியத்தை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. மைதானத்துக்கு வேலி உண்டு. வேலிக்கு வாயில் உண்டு. அந்த வாயிலில் நிற்பவர் யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கிறார். உள்ளே வந்த பிறகும், பந்தை யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடாமல் விடுவது என்று ஆடுவோரின் கைகள் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டு தீர்மானங்களையும் மனிதர்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல், ஒவ்வொருவரும் இன்றியமையாதவர் ஆகும்படி விதியாகவே வகுத்து வைத்த இடங்களில்தான் பேதம் ஒழிந்திருக்கிறது என்பதை என் அனுபவத்திலும் கண்டிருக்கிறேன், படித்த வரலாற்றிலும் கண்டிருக்கிறேன். அதையே இன்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மாஸசூசெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடா நாட்டவர், பனிக்காலத்தில் வெளியே சென்று ஆட இயலாமல் சலிப்புற்றிருந்த 18 மாணவர்களுக்காக இந்த ஆட்டத்தை உருவாக்கினார். பந்தை வைத்திருப்பவன் ஓடுவதாலும் அவனைப் பிடித்து வீழ்த்த மற்றவர்கள் பாய்வதாலும்தான் அடிதடி நேர்கிறது என்று ஆராய்ந்து, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்று விதித்தார். இலக்கு தரைமட்டத்தில் இருந்தால் வேகமாக எறிபவனே ஜெயிப்பான் என்று கண்டு, 10 அடி உயரத்தில், மாடத்துக் கைப்பிடியில், பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை அறைந்து, எறிவதில் பலத்தைவிட நிதானத்துக்கு மதிப்பு இருக்குமாறு செய்தார். தோளால் இடிப்பதும், பிடிப்பதும், தள்ளுவதும் குற்றமென்று அவருடைய 13 விதிகளில் எழுதியிருந்தது. முரட்டு பலத்தின் ஆதிக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று ஒருவர் உட்கார்ந்து சிந்தித்து, காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியதன் விளைவாகப் பிறந்த விளையாட்டு இது. மற்ற பல விளையாட்டுகள் தெருவிலும் வயலிலும் தாமாக வளர்ந்தவை. இது விதியிலிருந்து பிறந்தது. அதனாலேயே எனக்கு இதன்மீது தனியொரு மரியாதை.

அதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் வழியாகவே இது நம் நாட்டுக்கும் வந்தது. 1920ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய உடற்கல்விப் பள்ளி, பிற்காலத்தில் நந்தனத்தில் அடையாற்றங்கரையில் விசாலமான மைதானங்களோடு நிலைபெற்று, இந்தியா முழுமைக்கும் உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கி அனுப்பியது. 1924ஆம் ஆண்டில் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியோடு உடன் சென்றவரும் அவரே. ஆடவருக்கான முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி 1934இல் தில்லியில் நடந்தது. நந்தனத்துக்கு அருகே ஓடித் தெற்கே வரும் இருப்புப்பாதையில்தான் நம் ஊர் இருக்கிறது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்து நெரிசலை விட்டு இங்கே 365 ஏக்கர் காட்டுக்குள் இடம்பெயர்ந்ததும், இந்த வட்டாரத்தின் சுபாவத்தையே மாற்றிவிட்டன. ரயில்வே ஊழியர் குடியிருப்புகள், விமானப்படைத் தளம், காசநோய் மருத்துவமனை, கல்லூரி, பள்ளிகள் என்று வரிசையாக எழுந்த இடங்களிலெல்லாம், செம்மண்ணைக் கொத்திச் சமன்படுத்தி, சுண்ணாம்பால் கோடு போட்டு, மரப்பலகையில் இரும்பு வளையம் மாட்டிய கோர்ட்டுகள் தோன்றின. மழை பெய்தால் பந்து எழும்பாது. வெயில் காய்ந்தால் பந்து கல்லில் பட்டுத் திசை மாறும். அப்படிப்பட்ட தரையில் பந்தைத் தட்டிப் பழகிய கைகளை சிமென்ட் தரை ஒன்றும் செய்துவிட முடியாது என்று எங்கள் தலைமுறையினர் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

ஆனால், அந்தக் கோர்ட்டுகள் யாருடையவை?

நான் பள்ளியில் படித்த நாட்களில், மாலை ஐந்து மணிக்குமேல் கோர்ட்டு பையன்களுக்கு என்பது எழுதாத சட்டம். பெண்பிள்ளைகள் பள்ளி விட்டதும் கிடைக்கும் அரை மணி நேரத்தில் ஆடிவிட்டு வீடு திரும்பிவிட வேண்டும். பெரியவளானதும் பல பெண்களின் ஆட்டம் அன்றோடு நின்றது. காரணம் கேட்டால், காலைத் தூக்கி எம்பிக் குதிப்பது பெண்ணுக்கு அழகா என்று பதில் வரும். ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த என் தந்தை மட்டும், பந்தாடிவிட்டு வந்தால் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது, அவளை விடுங்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் என் வாழ்க்கையைத் தீர்மானித்தது. ஒரு தகப்பனுடைய ஒரு வாக்கியத்தைத் தற்செயலாகப் பெற்ற பெண் ஆடினாள், பெறாத பெண் ஆடவில்லை என்றால், அதை நியாயம் என்று எப்படிச் சொல்வது?

அதைவிடக் கொடியது ஒன்று கோர்ட்டுக்குள்ளேயே இருந்தது. எங்கள் அணியில் ஏரிக்கு அப்பாலிருந்த குடியிருப்பிலிருந்து வரும் ஒரு பெண் இருந்தாள். ஊரார் அந்தக் குடியிருப்பை எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்பதை இந்த மேடையில் நான் உச்சரிக்க விரும்பவில்லை. ரிங்குக்கு இடப்பக்கம் நின்று பலகையில் தட்டிப் பந்தைக் கூடைக்குள் இறக்குவதில் அவளுக்கு நிகர் அந்த வட்டாரத்தில் இல்லை. ஆட்டத்தின் நடுவே தண்ணீர் குடிக்கப் போனால், நாங்கள் பானையில் டம்ளரை விட்டு மொண்டு குடிப்போம். அவளுக்கு மட்டும் ஆயா உயரத்திலிருந்து ஊற்ற, அவள் இரு கைகளையும் குவித்துக் குனிந்து குடிப்பாள். அதைக் கண்டு யாரும் ஆச்சரியப்படவில்லை. பிறகு ஆட்டம் தொடங்கும். ரிங்குக்கு அடியில், எதிரணியினர் ஒருவரும் அருகே இல்லாமல், கையை உயர்த்தி அவள் நிற்பாள்; பந்து வராது. வேறு எங்கோ, மூன்று பேருக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும் ஒருத்திக்குப் போகும், அங்கே பறிபோகும். வாயைத் திறந்து யாரும் யாரையும் இழிவாகப் பேசவில்லை. பந்து கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

இவ்விளையாட்டில் இது எத்தனை விபரீதமானது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஐந்து பேரின் உள்ளங்கை வியர்வையும் ஒரே பந்தின்மீது படிகிறது. ஒருத்தி தொட்ட பந்தை மற்றொருத்தி அதே கணத்தில் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கிறாள். தீண்டாமையை இம்மியும் பிசகாமல் அனுஷ்டிக்க விரும்புபவர் கூடைப்பந்து ஆடவே இயலாது. ஆயினும், பந்தின் வழியாக அவள் கையை ஏற்றுக்கொண்ட எங்கள் கூட்டம் டம்ளரின் வழியாக அவள் உதட்டை ஏற்றுக்கொள்ள மறுத்தது. பந்தையும் கூடுமானவரை அவளிடம் சேராமல் பார்த்துக்கொண்டது.

எங்கள் உடற்பயிற்சி டீச்சர் அதிகம் பேசாதவர். சமத்துவத்தைப் பற்றி அவர் எங்களுக்கு உபந்நியாசம் செய்ததே இல்லை. ஒருநாள் பயிற்சியின்போது, இனிமேல் ஐந்து பேரின் கையும் பட்ட பிறகு விழும் கூடைக்கே புள்ளி, நால்வர் கைபட்டு விழுந்தால் அது கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டார். அதே மாலையில், பானைக்கு அருகே இருந்த டம்ளரை எடுத்துத் தம் பைக்குள் போட்டுக்கொண்டு, எல்லாரும் கைகுவித்தே குடியுங்கள் என்றார். முதல் சில நாட்கள் ஆட்டம் தடுமாறியது, புள்ளியே விழவில்லை. பிறகு, விதியை நிறைவேற்றுவதற்காக அவளுக்குப் பந்தைக் கொடுக்கத் தொடங்கினோம். கொடுத்தால் கூடை விழுகிறது என்பது தெரிந்ததும், விதி இல்லாத போட்டிகளிலும் கொடுத்தோம். எங்களுடைய மனங்கள் மாறினவா என்று கேட்டால், சிலருடையவை மாறின, சிலருடையவை மாறவில்லை. ஆனால் பந்து அவளைச் சேர்ந்தது. மனம் மாறும்வரை காத்திரு என்று அவளிடம் சொல்ல எங்களில் எவருக்கும் உரிமை கிடையாது. பள்ளி இறுதியோடு அவளுக்குத் திருமணம் முடிந்து ஆட்டமும் முடிந்தது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்; டீச்சருடைய விதி கோர்ட்டின் கோட்டுக்கு வெளியே செல்லவில்லை.

நெய்ஸ்மித்திடமே ஒரு சிஷ்யர் இருந்தார். அவருடைய கதையை உடற்கல்வி பயில்வோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின இளைஞர், நெய்ஸ்மித் பேராசிரியராக இருந்த கான்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் 1930களில் உடற்கல்வி பயிலச் சேர்ந்தார். கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரின் வகுப்பில் உட்கார்ந்து கூடைப்பந்தைக் கற்கலாம்; ஆனால், அதே பல்கலைக்கழக அணியில் ஆடக்கூடாது, ஏனெனில் அவருடைய தோல் கறுப்பு. நெய்ஸ்மித் அவரைத் தம் மாணவராக ஏற்று, வழிகாட்டி, பயிற்சியாளராகும் மார்க்கத்தைத் திறந்துவிட்டார். 1936இல் பட்டம் பெற்ற மெக்லெண்டன், வட கரோலினாவின் டர்ஹம் நகரில், கறுப்பினத்தவருக்கென்று தனியே நடத்தப்பட்ட கல்லூரியில் பயிற்சியாளரானார். வேகமாக முன்னேறித் தாக்கும் ஆட்டத்தை அங்கே வளர்த்தார். அதே நகரில் ட்யூக் பல்கலைக்கழகம் இருந்தது. அதன் மருத்துவப் பள்ளியில் வெள்ளை இனத்தவர் மட்டுமே அடங்கிய வலிமையான ஓர் அணி இருந்தது. இரண்டும் மோதுவதைச் சட்டமும் வழக்கமும் தடுத்தன.

1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரார் தேவாலயங்களில் இருந்த நேரம் பார்த்து, அந்த வெள்ளை மாணவர்கள் சுற்றுவழியாகக் காரில் வந்து, தலையை மறைத்துக்கொண்டு, கறுப்பினக் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். கதவுகள் பூட்டப்பட்டன. பார்வையாளர் எவரும் அனுமதிக்கப்படவில்லை. நடுவர் ஒருவர், கடிகாரம் ஒன்று, இரண்டு அணிகள். மெக்லெண்டனின் மாணவர்கள் 88க்கு 44 என்ற கணக்கில் வென்றார்கள். நான் பெரிதாக எண்ணுவது அந்த வெற்றியை அன்று. அதற்குப் பின் நடந்ததை. ஆட்டம் முடிந்ததும், வந்தவர்கள் புறப்பட்டுவிடாமல், இரண்டு அணிகளையும் கலந்து பிரித்துக்கொண்டு, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பக்கத்தில் நின்று இன்னோர் ஆட்டம் ஆடினார்கள். எதிராளியாக மோதுவதற்கு வீரம் போதும். ஒரே அணியில் நின்று பந்தைக் கொடுத்து வாங்குவதற்கு வேறொன்று வேண்டும். அன்று அங்கே இருந்தவர்கள் எல்லாரும் வாய் மூடி இருந்தபடியால், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த நிகழ்ச்சி வெளியுலகுக்குத் தெரியாமலே கிடந்து, 1996இல்தான் பத்திரிகையில் வந்தது. குற்றவாளிகளைப்போல் மறைந்து ஆட நேர்ந்தவர்கள் செய்த ஒரே குற்றம், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சேர்ந்து விளையாடியது. மெக்லெண்டன் பின்னாளில் கூடைப்பந்தின் கீர்த்தி மண்டபத்தில் இடம்பெற்றார். அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தில் கறுப்பின வீரர்கள் 1950இல் ஆடத் தொடங்கினார்கள். 1966இல் பில் ரஸ்ஸல் அதில் ஓர் அணியின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரானார்.

பெண்களின் விஷயத்தில் வேலி அன்பின் வேஷத்தில் வந்தது. ஆட்டம் பிறந்த மறு ஆண்டே, 1892இல், செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார், பெருந்தொண்டு அது. ஆயினும், பெண்கள் களைத்துவிடுவார்கள் என்ற அக்காலத்து எண்ணத்துக்கு ஏற்ப, கோர்ட்டையே மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பகுதியில் நிற்பவர் மறுபகுதிக்குப் போகக்கூடாது என்று விதி செய்தார். பாதுகாப்பு என்ற பெயரால் போடப்பட்ட அந்தக் கோடுகளை அழிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்றும் நம் வீடுகளில், இருட்டுவதற்குள் வந்துவிடு என்று பெண்ணுக்கு மட்டும் சொல்லும்போது அந்தக் கோட்டைத்தான் நாம் போடுகிறோம். தெருவிளக்கைப் போடச் சொல்லி மாநகராட்சியைக் கேட்பதை விட்டுப் பெண்ணை உள்ளே அழைப்பது எந்த நீதியில் சேரும்?

நம் ஊர்ப் பெண்களுக்கு அந்தக் கோட்டைத் தாண்டக் கைகொடுத்தவற்றுள் முதன்மையாக நான் சொல்ல விரும்புவது ரயில்வே உத்தியோகத்தை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்று தெரிந்ததும், பெண் பந்தாடுவது குடும்பத்துக்கு அவமானம் என்ற பேச்சு பல வீடுகளில் அடங்கிப்போனதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். சம்பளச் சீட்டுக்கு அத்தனை சக்தி! கேரளத்திலிருந்து வந்து தெற்கு ரயில்வே அணியில் ஆடி, ஆஸ்திரேலியா வரை சென்று ஆடிய கீது அன்னா ஜோஸ், நம் சென்னையிலேயே பிறந்து வளர்ந்த அனிதா பால்துரை ஆகிய இருவரையும் என் மாணவிகளுக்கு நான் ஓயாமல் சொல்லிவந்தேன். 19ஆம் வயதிலேயே இந்திய அணிக்குத் தலைமை ஏற்று, ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் தொடர்ந்து 9 முறை ஆடிய அனிதா, தாயான பிறகும் கோர்ட்டுக்குத் திரும்பினார். குழந்தை பிறந்தால் பெண்ணின் ஆட்டம் முடிந்தது என்று நூறு வாய்கள் சொன்ன வட்டாரத்தில், ஒருவர் திரும்பி வந்து ஆடிக் காட்டியது நூறு பிரசங்கங்களுக்குச் சமம். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது, அந்தச் செய்தித்தாளை வெட்டிப் பள்ளிப் பலகையில் ஒட்டும்படி பல ஆசிரியைகளுக்குச் சொல்லி அனுப்பினேன். 2009இல் மகளிர் ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டியே சென்னையில் நேரு உள்விளையாட்டரங்கில் நடந்ததே, அப்போது புறநகர் ரயிலில் கூட்டமாக ஏறிப்போன நம் பெண்களின் முகங்களை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

விதியே வேலியாக நிற்பதும் உண்டு. 2014இல் சீனாவின் வூஹான் நகரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில், நம் நாட்டு வீரர்களான அம்ரித்பால் சிங், அம்ஜோத் சிங் இருவரையும் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ஆடச் சொன்னார்கள். தலையை மறைக்கும் எதையும் அணியக்கூடாது என்பது அப்போது உலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதியாக இருந்தது. அதே ஆண்டில் ஆசிய விளையாட்டுப் போட்டியிலிருந்து, தலைமறைப்பு அணிந்த கத்தார் நாட்டுப் பெண்கள் விலக நேர்ந்தது. கண்டனங்கள் எழுந்தன, 2017இல் விதி திருத்தப்பட்டது. எழுதியவர்களே அழித்து எழுதலாம் என்பதற்கு இது நல்ல சாட்சி.

இனி, என் உள்ளத்துக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறேன்.

போலியோ இந்நாட்டைப் பீடித்திருந்த காலத்தில் நான் ஆசிரியையாக இருந்தேன். ஒவ்வொரு வகுப்பிலும் காலில் இரும்புப் பட்டையோடு ஒரு பிள்ளையாவது இருக்கும். விளையாட்டு வகுப்பு வந்தால், அந்தப் பிள்ளையை மரத்தடியில் உட்காரவைத்து, மற்றவர்களின் செருப்புகளையும் பைகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்வது பள்ளிகளில் சர்வசாதாரணமான வழக்கம். அதை யாரும் கொடுமை என்று நினைத்ததில்லை. பரிதாபம் என்றே நினைத்தார்கள். 2014இல் இந்தியா போலியோ அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் மரத்தடியில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகள் மறைந்துவிடவில்லை. அவர்கள் வளர்ந்து நம்மிடையே வாழ்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் மாதவி லதா. தெலங்கானாப் பகுதியில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே போலியோவால் பாதிக்கப்பட்டு, படித்து, வங்கி உத்தியோகத்தில் சேர்ந்து, சென்னைக்கு வந்தவர். உடல் நலிந்து வந்தபோது நீர்ச்சிகிச்சைக்காகத் தண்ணீரில் இறங்கியவர், நீச்சல் கற்று, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியப் போட்டியில் பதக்கம் பெற்றார். தமக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டுமென்று, சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்கென ஒரு தேசியச் சம்மேளனத்தைச் சென்னையிலிருந்து தொடங்கி நடத்தினார். 2014இல் அதன் முதல் தேசியப் போட்டி நம் சென்னையிலேயே நடந்தது. மரத்தடியில் செருப்பைக் காத்த தலைமுறை கோர்ட்டின் நடுவட்டத்தில் பந்துக்காக மோதியதைப் பார்க்கும் பாக்கியம் இந்த நகரத்துக்குக் கிடைத்தது.

உலகத்தில் இந்த ஆட்டத்தின் வரலாறும் பேதத்தோடு பின்னியதே. யூதர் என்ற காரணத்தால் ஜெர்மனியை விட்டு 1939இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்த லுட்விக் குட்மன் என்ற மருத்துவர், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு அடிபட்ட போர்வீரர்களைப் படுக்கையில் கிடத்தி வைக்காமல் விளையாட வைத்தார். 1948இல் அங்கே அவர் தொடங்கிய போட்டிகளே வளர்ந்து, 1960இல் ரோம் நகரத்தில் 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர் கூடிய பாராலிம்பிக் ஆயின. அந்த முதல் கூட்டத்திலேயே சக்கர நாற்காலிக் கூடைப்பந்து இடம்பெற்றது.

இந்த ஆட்டத்தைக் காணாதவர்கள், சலுகை காட்டிக் கூடையைத் தாழ்த்தியிருப்பார்கள் என்று எண்ணுவார்கள். அப்படி இல்லை. அதே 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதே 10 அடி உயரத்தில் அதே வளையம். நாற்காலியில் உட்கார்ந்தபடி, பலர் இடுப்பின் உதவியும் இல்லாமல், தோள் வலிமையால் மட்டும் அந்த உயரத்துக்குப் பந்தை ஏற்ற வேண்டும். நாற்காலியின் சக்கரங்கள் மேலே நெருங்கியும் கீழே விரிந்தும் சாய்ந்திருக்கும். அதனால் நொடியில் திரும்பலாம், மோதும்போது கைவிரல் நசுங்காது. பின்புறம் கவிழாமலிருக்கச் சிறு சக்கரம் உண்டு. பந்தை வாங்கியபின் சக்கரத்தை இரண்டு முறைக்குமேல் தள்ளினால் குற்றம். அதற்குள் தரையில் தட்டவோ, கொடுக்கவோ, எறியவோ வேண்டும். நாற்காலி ஆடுபவரின் உடம்பின் பகுதியாகவே கருதப்படும்.

எல்லாவற்றிலும் நான் வியப்பது அதன் கணக்கு விதியை. ஒவ்வொரு வீரருக்கும் உடல் இயங்கும் திறனைக் கொண்டு 1.0 முதல் 4.5 வரை ஓர் எண் தரப்படுகிறது. முதுகை நிமிர்த்திக் கட்டுப்படுத்த இயலாதவருக்கு 1.0, மிகக் குறைந்த ஊனம் உள்ளவருக்கு 4.5. கோர்ட்டில் நிற்கும் ஐவரின் எண்களைக் கூட்டினால் 14ஐத் தாண்டக்கூடாது. நல்ல உடல்வாகு உள்ளவர்களையே ஐந்து பேராகப் பொறுக்கிக்கொண்டு வெல்லலாம் என்று எந்தப் பயிற்சியாளரும் நினைக்க முடியாது. 4.0 உள்ள மூவரை இறக்கினால், மற்ற இருவரும் 1.0 உள்ளவர்களாகவே இருந்தாக வேண்டும். அந்த 1.0 வீரர் சும்மா நிறுத்தி வைக்கப்படுபவர் அல்லர். எதிரணியின் உயரமான வீரருடைய பாதையில் தம் நாற்காலியைச் சரியான கோணத்தில் சரியான கணத்தில் நிறுத்தி வழி மறிப்பார். அவர் மறித்த இடைவெளியில்தான் தம் அணியின் வீரர் கூடைக்குச் செல்கிறார். மிகவும் நலிந்த உடல் உடையவர் இல்லாமல் அணி ஜெயிக்க முடியாதபடி ஒரு விதி! இரக்கத்தின் பேரால் ஓர் இடம் தருவதும், நீ இல்லாவிட்டால் நாங்கள் தோற்போம் என்று சொல்லி அழைப்பதும் ஒன்றா? எங்கள் டீச்சர் ஐந்து பேரின் கையும் பட வேண்டும் என்று சொன்னாரே, அதுவே இங்கு உலக விதியாக எழுந்து நிற்கிறது.

விளையாட்டில் தகுதி ஒன்றே அளவுகோலாக இருக்க வேண்டும், இப்படிக் கணக்குப் போடுவது தகுதியைக் குலைக்கும் என்று படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வினயமாகக் கேட்கிறேன்: பந்து கொடுக்கப்படாதவளின் தகுதியை எப்படி அளந்தீர்கள்? மெக்லெண்டனை அணியில் சேர்க்காமலே கான்ஸாஸ் தன் சிறந்த ஐவரைத் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டதே, அது தகுதியா? கோர்ட்டில் இறக்கிப் பந்தைக் கொடுத்த பிறகே தகுதியைப் பற்றிப் பேசத் தொடங்க முடியும்.

சட்டம் நமக்குத் துணையாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, விளையாட்டில் அவர்கள் பங்குபெற அரசு ஏற்பாடு செய்ய வேண்டுமென்றும், அதற்கேற்ப விளையாட்டு வசதிகளை மாற்றியமைக்க வேண்டுமென்றும் கூறுகிறது. தாம்பரமும் பல்லாவரமும் பம்மலும் செம்பாக்கமும் அனகாபுத்தூரும், சிட்லபாக்கம் பெருங்களத்தூர் முதலிய பேரூராட்சிகளும் இணைந்து 2021இல் மாநகராட்சி ஆனோம். 70 வார்டுகள் இருக்கின்றன. குரோம்பேட்டையிலிருந்து பெருங்களத்தூர் வரை, சேலையூரிலிருந்து முடிச்சூர் வரை பள்ளி கல்லூரிகளில் நல்ல சிமென்ட் கோர்ட்டுகள் எத்தனையோ மாலை நேரங்களில் பூட்டிக் கிடக்கின்றன. பூட்டுக்கு வெளியே பிள்ளைகள் தெருவில் நிற்கிறார்கள்.

ஆகவே, இங்கே வந்திருக்கும் பள்ளி நிர்வாகிகளையும் மாமன்ற உறுப்பினர்களையும் நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது இவை. மாலை நேரத்தில் உங்கள் கோர்ட்டைத் திறந்துவிடுங்கள். வாரத்தில் சில மாலைகளையாவது ஐந்து மணிக்குமேல், விளக்கு வெளிச்சத்தில், பெண்பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி, அதை அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். கோர்ட்டின் வாயிற்படியை இடித்துச் சரிவுப்பாதை கட்டுங்கள். சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கழிப்பறைக் கதவு வையுங்கள். விளையாட்டுக்குரிய நாற்காலிகளைத் தனியொரு பள்ளி வாங்குவது கடினமானால், மாநகராட்சியே ஓரணிக்கு வேண்டியவற்றை வாங்கி, பள்ளிகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்படி ஏற்பாடு செய்யட்டும். உடற்கல்வி ஆசிரியர்களே, ஐந்து கைகளும் பட்ட பிறகே புள்ளி என்ற பயிற்சியை நாளைக் காலையிலேயே உங்கள் மாணவர்களுக்குத் தொடங்குங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், ஒரு விசில் போதும்.